இன் போட்டாலும் எரியும், போடாவிட்டாலும் எரியும்

கேள்வி

ஈரோட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பெயின்ட் கடை. பின்கட்டுக் குடோனில் தின்னர், டர்பன்டைன், வார்னிஷ் டின்கள் அடுக்கியிருக்கிறோம். சுவரில் எச்சரிக்கை எழுத ஆர்ட்டிஸ்ட் வந்திருக்கிறார். நான் ஆங்கிலத்தில் 'ஃப்ளாமபிள்' என்று எழுதச் சொன்னேன். "டேங்கர் லாரிக்கெல்லாம் எழுதின கை சார் இது. 'இன்ஃப்ளாமபிள்'தான் சரி. இன் போடலைன்னா எரியாதுன்னு ஆயிடும்" என்கிறார். காலேஜில் படிக்கும் என் மகளோ, இன் போட்டால்தான் எரியாது என்று ஆகும் என்கிறாள். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிறோம். எது சரி?

ஜூன் 4, இரவு 9.40

ஆர்ட்டிஸ்ட் சொன்னதும் தப்பு, மகள் சொன்னதும் தப்பு. இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள்: எளிதில் தீப்பற்றக்கூடியது. இன் போட்டாலும் எரியும், போடாவிட்டாலும் எரியும். எரியாது என்று சொல்ல 'நான்-ஃப்ளாமபிள்' என்று தனியாக ஒன்று இருக்கிறது.

ஃப்ளாமபிள் என்றே எழுதச் சொல்லுங்கள். ஒன்பது எழுத்து. மற்றது பதினொன்று. கூலியும் மிச்சம்.

ஜூன் 5, காலை 6.15

ராத்திரி தூக்கம் வராமல் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆர்ட்டிஸ்டை ஒரே வரியில் தப்பு என்று சொல்லிவிட்டது சரியில்லை. அவர் சொன்ன காரணம்தான் தப்பு, பிடித்த சொல் தப்பில்லை. வயதில் மூத்தது இன்ஃப்ளாமபிள்தான். லத்தீனில் 'இன்ஃப்ளாமாரே' என்றால் தீ மூட்டுவது. 'ஃப்ளாமா' சுவாலை. முன்னால் நிற்கும் இன் 'உள்ளே' என்ற இன், 'இல்லை' என்ற இன் அல்ல. சுவாலைக்குள் போவது என்று வைத்துக்கொள்ளலாம். இன்ஃப்ளேம், இன்ஃப்ளமேஷன் என்று வருவதெல்லாம் இதன் உடன்பிறப்புகள்.

ஹைட்ரஜனுக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் என்ன பெயர் தெரியுமா? 1766-இல் ஹென்றி கேவன்டிஷ் அதை ஆராய்ந்தபோது 'இன்ஃப்ளாமபிள் ஏர்' என்றுதான் எழுதினார். எரியாத காற்று என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஃப்ளாமபிள் அச்சில் தலைகாட்டுவது 1813-இல்தான். இன்ஃப்ளாமபிள் அதற்கும் 200 வருஷத்துக்கு மேல் மூத்தது. அப்படிப் பிறந்தும் ஃப்ளாமபிள் ரொம்ப காலம் கேட்பாரற்றுக் கிடந்தது.

இன்ஃப்ளமேஷனுக்கு நம் மருத்துவ நூல்களில் 'அழற்சி' என்று போடுகிறார்கள். அழல் என்றாலும் தீதான். இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் நல்ல காது. கணுக்கால் வீங்கிச் சிவந்து காந்தும்போது லத்தீன்காரனுக்கும் நமக்கும் நெருப்புதான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

ஜூன் 5, மதியம் 1.30

"இன்விசிபிள், இன்கரெக்ட் எல்லாவற்றிலும் இல்லை என்று வருகிற இன், இதில் மட்டும் ஏன் வேறு?" என்று ஒருவர் கேட்கிறார். லத்தீனில் இரண்டு இன் உண்டு. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, வேர் மட்டும் வேறு. இல்லை என்கிற 'இன்'னும், ஆங்கில 'அன்'னும், சமஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்த 'அ'வும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. நியாயம், அநியாயம். சுத்தம், அசுத்தம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் மண்டை ஓடு வரைந்து 'அபாயம்' என்று எழுதியிருக்கிறதே, அதில் முன்னால் நிற்கும் அ எந்த அ? இல்லை என்ற அ இருப்பது 'அபயம்' என்ற சொல்லில்: அ, பயம், பயமில்லை, வா என்று நீட்டிய கை. அபாயத்தில் இருப்பது 'அப'. அபகரித்தல், அபசகுனம் என்று வருகிற அதே அப. ஒரு துணைக்கால் போட்டால் ஆபத்து, எடுத்தால் அடைக்கலம். பலகை எழுதுகிறவர் கால் போட மறந்தால் டிரான்ஸ்பார்மர் உங்களைப் பார்த்து "பயப்படாதே" என்று சொல்லும்.

இத்தனை நாள் எனக்கே இது உறைக்கவில்லை. இன்றைக்கு மதியம் சாப்பிடும்போதுதான் தோன்றியது. சாம்பார் ஆறிவிட்டது.

ஜூன் 6, இரவு 10.05

சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். மகள் தப்பு என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அந்தப் பெண் மாதிரி படிப்பவர்கள் அரைகுறைகள், அவர்களுக்காக மொழி வளையக்கூடாது" என்று எழுதியிருக்கிறார். அதனால் இதைச் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்க் டப்பா, பிளேட், பேப்பர் ரீம், பனியன் வேஸ்ட் எல்லாவற்றுக்கும் நான்தான் கணக்கு. பனியன் வேஸ்ட் தெரியும் அல்லவா? திருப்பூரில் வெட்டி விழும் துணித் துண்டுகள். மூட்டையாக வரும், மெஷினைத் துடைக்க அதை விட்டால் வேறில்லை. ரோலர் கழுவ மண்ணெண்ணெயும் பெட்ரோலும். அதெல்லாம் லேபிள் இல்லாத கேனில் வரும். மூடியைத் திறந்தாலே ஊருக்குத் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது.

ஒருநாள் பிளாங்கெட் (மெஷினில் மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) கழுவ என்று புதிதாக ஒரு திரவம் வந்தது. ஐந்து லிட்டர் கேன். வாடை குறைவு. மேலே சிவப்பில் 'ஹைலி இன்ஃப்ளாமபிள்' என்று ஆங்கிலத்தில். ஸ்டோரில் எனக்கு உதவிக்கு ஒரு பையன் இருந்தான். மண்ணெண்ணெய் கேன்களை எப்போதும் கடைசிச் சுவர் ஓரமாகத் தள்ளி வைப்பான், யாரும் சொல்ல வேண்டாம். இந்தக் கேன்களை மட்டும் கொண்டுபோய் பைண்டிங் செக்‌ஷனில் பசை காய்ச்சும் மேடைக்குக் கீழே வரிசையாக வைத்துவிட்டான். அங்கேதான் இடம் காலியாக இருந்தது.

பைண்டிங்கில் மைதா மாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு, பம்ப் ஸ்டவ்வில் காய்ச்சுவார்கள். மேஸ்திரி ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். பம்ப் ஸ்டவ் சூடேறுவதற்கு முன்னால் ஒரு குப் அடிக்கும். அந்தக் குப்பில், கீழே கேன் மேல் கிடந்த ஈரப் பனியன் வேஸ்ட் பிடித்துக்கொண்டது. மேஸ்திரி கொஞ்சமும் யோசிக்கவில்லை. முந்தின நாள் பசை ஒரு வாளி நிறைய இருந்தது, தூக்கி அப்படியே கவிழ்த்துவிட்டார். தண்ணீரை ஊற்றியிருந்தால் பரவியிருக்கும். பசை அமுக்கிவிட்டது. மூடி இறுக்கமாக இருந்ததால் கேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு கருகிப்போனது. ராத்திரியே மறுபடி ஓட்டிக் கொடுத்தோம்.

ஃபோர்மேன் பையனைப் பிடித்துக்கொண்டார். "டேய், மேல எழுதியிருக்கிறதைப் படிக்கத் தெரியாதா?"

அவன் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "படிச்சேண்ணே. படிச்சதாலதான் அங்க வெச்சேன்."

படிக்கவே தெரியாதவனாக இருந்தால் மூடியைத் திறந்து மோந்து பார்த்திருப்பான். எல்லாம் தெரிந்தவனும் தப்பித்திருப்பான். விதியைக் கற்றுக்கொண்டு அதை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தவன் மாட்டிக்கொண்டான். அரைகுறை என்று அவனைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஜூன் 6, இரவு 11.20

"மண்ணெண்ணெயும் பெட்ரோலும்" என்று சேர்த்து எழுதிவிட்டேன். பெட்ரோல் அவசரத்துக்குத்தான் வாங்குவோம், ரோலர் ரப்பர் கெடும் என்று மெஷின்மேன் திட்டுவார். தினப்படிக்கு மண்ணெண்ணெய்தான்.

ஜூன் 8, காலை 7.00

அந்தப் பையன் மாதிரி ஆட்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள். 1920-களில் அங்குள்ள தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம், இன்ஃப்ளாமபிளை விட்டுவிட்டு ஃப்ளாமபிளைப் பயன்படுத்துங்கள் என்று வற்புறுத்த ஆரம்பித்தது. காரணம் இதே குழப்பம்தான். பிரிட்டனில் தர நிர்ணய நிறுவனம் 1959-இல் அதே முடிவுக்கு வந்தது. எரியும் என்றால் ஃப்ளாமபிள், எரியாது என்றால் நான்-ஃப்ளாமபிள். அதுவரை 'நான்-இன்ஃப்ளாமபிள்' என்று வேறு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு தமிழ்க் காதுக்கு அது இல்லாத இல்லை என்று கேட்கும். கணக்கில் மைனஸ் மைனஸ் பிளஸ் என்று போட்டு எரியும் என்று முடிவுக்கு வந்தால் யாரைக் குறை சொல்வது?

இலக்கண வாத்தியார்களோ அகராதிக்காரர்களோ ஒரு சொல்லைக் கைமாற்றிவிட்டதாக நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே அந்த வேலையைச் செய்தது தீயைத் தடுக்கிறவர்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த வட்டாரத்தில் இன்னொரு ஆள் உண்டு. பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழிதான் நம் நினைப்பை வடிவமைக்கிறது என்ற வாதத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். அவருக்குச் சோறு போட்டது மொழியியல் அல்ல. 1919-இலிருந்து 1941-இல் இறக்கும் வரை ஹார்ட்ஃபர்டு தீக்காப்பீட்டு நிறுவனத்தில் தீத்தடுப்புப் பொறியாளர். தீ விபத்து அறிக்கைகளைப் படித்துப் படித்து ஒன்றைக் கவனித்தார். பெட்ரோல் டிரம் நிறைந்திருக்கும் இடத்தில் ஆட்கள் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். 'காலி டிரம்' என்று எழுதிய இடத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள். காலி டிரம்மில் ஆவி நிறைந்திருக்கும், உண்மையில் அதுதான் அதிக ஆபத்து. ஆனால் காலி என்ற சொல் "இங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுகிறது.

அவர் சொன்ன இன்னொன்று: ஒரு ஆலையில் சூடு போகாமல் இருக்கச் சுண்ணாம்புக்கல்லில் செய்த ஒரு பொருளால் காய்ச்சி வடிக்கும் வாலைகளைச் சுற்றியிருந்தார்கள். பெயரிலேயே கல் இருக்கிறது, கல் எரியாது என்று யாரும் நெருப்பிலிருந்து அதை மறைக்கவில்லை. அசிட்டிக் அமில ஆவி பட்டுப் பட்டு அந்தக் கல் வேறு உப்பாக மாறி, சூட்டில் அசிட்டோன் விட்டது. ஒருநாள் கல் எரிந்தது.

நம் காயலான் கடைகளில் காலி டிரம்மை அப்படியே கேஸ் கட்டிங் வைத்து அறுக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். காலி டிரம் ஆளைக் காலி பண்ணிவிடும்.

ஜூன் 9, மாலை 5.45

ஒரு நண்பர் கெட்டியாக மறுக்கிறார். "குழப்பம் வரும் என்பதற்காகச் சொல்லை மாற்றிக்கொண்டே போனால், தீயணைப்பு நிலையத்தை என்ன செய்வீர்கள்? அணைப்பது என்றால் கட்டித் தழுவுவதும்தானே? தீயைத் தழுவும் நிலையமா?"

பிரமாதமான கேள்வி. ஒரு நாள் முழுக்க இதற்குப் பதில் தெரியாமல் இருந்தேன். குழந்தையை அணை, விளக்கை அணை. ஒன்றில் கிட்டே இழுக்கிறோம், மற்றதில் இல்லாமல் ஆக்குகிறோம். போதாததற்கு ஆற்றுக்குக் குறுக்கே கட்டுவதும் அணை. யாரும் ஒருநாளும் குழம்பியதில்லை. அடுத்து நிற்கும் சொல் காப்பாற்றிவிடுகிறது. தீயையோ விளக்கையோ கண்டதும் காது தானாகத் திரும்பிக்கொள்கிறது.

டின் மேல் இருக்கும் சொல்லுக்கு அந்தத் துணை இல்லை. ஒற்றைச் சொல், சிவப்பு நிறம், பக்கத்தில் ஒன்றும் கிடையாது. சிவப்பு எரியும் என்கிறது, இன் எரியாது என்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று ஓர் ஆள் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பேச்சில், புத்தகத்தில் இன்ஃப்ளாமபிள் தாராளமாக இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. டின்னில் வேண்டாம்.

அணைப்பது பற்றிப் பேச்சு வந்ததால்: எங்கள் பாட்டி விளக்கை அணை என்று சொல்ல விடமாட்டாள். குளிர வை என்பாள். தானாக அணைந்தால் மலையேறிவிட்டது. யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் நூர்த்துவிடு என்கிறார்கள். அவள் பயம் வேறு பயம், ஆனால் சொல்லை மாற்றினால் விஷயம் மாறும் என்ற நம்பிக்கை தீப்பாதுகாப்புச் சங்கத்துக்கும் என் பாட்டிக்கும் ஒன்றுதான்.

ஜூன் 10, இரவு 8.30

இதே வகையில் வேறு ஜோடிகள் கேட்டிருக்கிறீர்கள்.

ஹேபிட்டபிள், இன்ஹேபிட்டபிள். இரண்டும் குடியிருக்கத் தகுந்தது. இன்ஹேபிட் என்ற வினையிலிருந்து வந்த இன். குடியிருக்க முடியாது என்றால் முன்னால் அன் சேர்க்க வேண்டும். பிரெஞ்சில் இதே எழுத்துகளில் இருக்கும் சொல் நேர் எதிர், அங்கே குடியிருக்க முடியாதது. பிரெஞ்சுக்காரர்கள் இன்ஃப்ளாமபிளை மட்டும் எரியும் என்றே வைத்துக்கொண்டு, எரியாததற்கு முன்னால் இன்னொரு இன் ஒட்டுகிறார்கள். இன்-இன்ஃப்ளாமபிள் என்கிற மாதிரி. திக்குவாய் போல இருந்தாலும் கணக்கு சரி.

வேல்யுவபிள், இன்வேல்யுவபிள் வேறு கதை. இந்த இன் நிஜமாகவே இல்லை என்கிற இன். ஆனாலும் பொருள் மட்டமாகப் போகவில்லை, உயர்ந்துவிட்டது. விலை போட முடியாத அளவு பெரியது. இதைச் சிரித்துக்கொண்டே எழுத வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். நாம் என்ன செய்கிறோம்? 'மதிப்பற்ற' என்றால் ஒன்றுக்கும் உதவாதது. முன்னால் விலையைச் சேர்த்து 'விலைமதிப்பற்ற' என்றால் பொக்கிஷம். "விலைமதிப்பற்ற உங்கள் வாக்குகளை" என்று மைக்கில் கேட்கும்போது யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டிய சில சமயங்கள் இருக்கலாம், அது வேறு.

சொந்த வீட்டுப் பரணில் இவ்வளவு இருக்கும்போது ஆங்கிலத்தைப் பார்த்து ரொம்பச் சிரிக்க முடியாது.

ஜூன் 12, காலை 6.50

திருத்தம். முதல் நாள் "ஒரே பொருள்" என்று அடித்துச் சொன்னேன். பொருள் ஒன்றுதான், ஆனால் புழங்கும் இடம் ஒன்றல்ல. டின், துணி, வாயு என்றால் இன்றைக்கு ஃப்ளாமபிள். ஒருவருடைய முன்கோபம், ஓர் ஊரின் கொதிநிலை என்று உருவகமாகச் சொன்னால் இன்ஃப்ளாமபிள்தான் பொருந்தும். ஆளைப் பார்த்து ஃப்ளாமபிள் என்றால் அவர் மேல் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். தூண்டிவிடுகிற பேச்சுக்கு இன்ஃப்ளமேட்டரி. அதிலிருந்து இன்னை எடுக்கவே முடியாது.

நம் சட்டம் இன்னும் பழைய சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டத்தில், பெட்ரோலியம் என்றால் என்ன என்று சொல்லும் பிரிவிலேயே இன்ஃப்ளாமபிள் வருகிறது. 1952-இல் ஒரு சட்டத்துக்குப் பெயரே இன்ஃப்ளாமபிள் சப்ஸ்டன்சஸ் ஆக்ட். அதனால்தான் டேங்கர் முதுகில் இன்றைக்கும் அதைப் பார்க்கிறோம். ஆர்ட்டிஸ்ட் தானாக இட்டுக்கட்டவில்லை, பார்த்ததை எழுதுகிறார்.

இன்னொன்றும் விட்டுவிட்டேன். 'கம்பஸ்டிபிள்' என்று மூன்றாவது ஒரு சொல் இருக்கிறது. வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் அதை நினைவுபடுத்தினார். தமிழில் சொன்னால் இது தீப்பற்றுவதற்கும் எரிவதற்கும் உள்ள வித்தியாசம். புளியங்கட்டை எரியும், ஆனால் தீக்குச்சியைக் காட்டினால் பற்றாது. பெட்ரோல் குச்சியை எதிர்கொண்டு வரும். திரவங்களில் இதை அளக்க ஃப்ளாஷ் பாயின்ட் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எந்தச் சூட்டில், பொறி பட்டதும் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்புகிறது என்பது அது. பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியை ஒட்டி. உறைபனியிலும் அது தயாராக நிற்கும். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம் ரொம்ப காலம் 37.8 டிகிரி செல்சியஸில் கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே ஃப்ளாமபிள், அங்கிருந்து மேலே கம்பஸ்டிபிள். ஃபாரன்ஹீட்டில் அது முழுசாக 100.

ஈரோட்டில் சித்திரை, வைகாசியில் தகரக் கூரை போட்ட குடோனுக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று கடைக்காரருக்குத் தெரியும். அமெரிக்காவில் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மண்ணெண்ணெய், மதியம் இரண்டு மணிக்கு உங்கள் குடோனில் இந்தப் பக்கம் வந்துவிடும். சொல் அகராதியில் இருக்கிறது, சூடு கூரையில் இருக்கிறது.

ஃப்ளாஷ் பாயின்ட்டை வைத்து நம் நாட்டில் வகுப்பு மூன்று. 23 டிகிரிக்குக் கீழே ஏ வகுப்பு, 23 முதல் 65-க்குள் பி, 65 முதல் 93-க்குள் சி. தின்னர் பெரும்பாலும் ஏ. விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு என்றால் ஏ வகுப்பு 30 லிட்டர் வரை லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். நீங்கள் விற்கிறீர்கள். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். போர்டில் எத்தனை எழுத்து என்பதைவிட இது அவசரம்.

ஜூன் 12, காலை 7.10

'ஃப்ளேமபிள்' என்று உச்சரிப்பது பற்றிக் கேட்டவருக்கு: ஃப்ளேம் என்ற சொல்லோடு ஏபிளை ஒட்டினதாக நினைத்து அப்படிச் சொல்கிறோம். நடுவில் எம் இரண்டு இருக்கிறது, லத்தீன் ஃப்ளாமாவின் மிச்சம். அதனால் ஃப்ளா. எங்கள் பிரஸ்ஸில் எல்லோரும் 'பிளேமபிள்' என்றுதான் சொல்வோம், நானும். அதனால் ஒரு தீயும் கூடவோ குறையவோ இல்லை.

ஜூன் 15, இரவு 11.50

ஆறாம் தேதி எழுதிய கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். "விதியைக் கற்றுக்கொண்டு" என்று எழுதினேன் அல்லவா? யாரிடம் கற்றுக்கொண்டான் என்று எழுதவில்லை.

பையன் அந்த வருஷம் தனித்தேர்வராக ப்ளஸ் டூ எழுதினான். இங்கிலீஷ் பேப்பர் மட்டும் பாக்கி. நான் இங்கிலீஷில் பி.ஏ. ஸ்டோரில் வேலை ஓய்ந்த நேரம், வேஸ்ட் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். அன் வந்தால் இல்லை, டிஸ் வந்தால் இல்லை, இன் வந்தால் இல்லை. இன்விசிபிள், இன்டைரக்ட், இன்கம்ப்ளீட் என்று வரிசையாகப் போட்டு, மூன்றையும் சேர்த்து ஒரு பெட்டி கட்டி, 'எதிர்ச்சொல்' என்று மேலே எழுதிக் கொடுத்தேன். விதிவிலக்கு என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தோன்றவில்லை. கேன் வந்த அன்றைக்கு லேபிளைப் பார்த்தவன் நானும்தான். பொருள் என்ன என்று யோசித்தேனா என்று கேட்டால், கேன் எத்தனை என்று எண்ணி லெட்ஜரில் எழுதினேன்.

ஃபோர்மேன் கத்தியபோது அவன் "படிச்சதாலதான்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் ஒருமுறை பார்த்தான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஃபோர்மேன் அவனுக்கு அரை நாள் கூலி வெட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். அதை வாங்கிக் குடித்தான்.

அரைகுறை என்று ஒருவர் சொன்னதும் எனக்கு ஏன் அப்படிச் சுருக்கென்றது என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஜூன் 16, காலை 9.00

பாஸ் பண்ணினானா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பண்ணினான். 41 சதவீத மார்க்.

அதற்கு முன்னால் இன்னொன்று செய்தான். தீ நடந்த மறுநாள், சிவப்பு இங்க்கைப் பிரஷ்ஷில் தொட்டு, எல்லாக் கேனிலும் லேபிளுக்குக் குறுக்கே பெரிதாக எழுதினான்: 'நெருப்பு ஆகாது'. எனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்போமே, அந்த ஆகாது.

ஜூன் 16, காலை 9.25

வந்துவிட்டது. "நெருப்பு ஆகாது என்றால் இது நெருப்பாக ஆகாது, அதாவது எரியாது என்றும் படிக்கலாமே?" என்று ஒருவர். படிக்கலாம். நான் அங்கே இருந்த மிச்சம் ஏழு வருஷத்தில் பைண்டிங்கில் ஒருவரும் அப்படிப் படிக்கவில்லை. காலிக் கேன்களை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். குடிதண்ணீர் பிடித்து வைத்தோம்.

ஜூன் 21, மாலை 6.30

ஈரோட்டுக் கடைக்காரர் விவரம் அனுப்பியிருக்கிறார். இந்த இழையை அவர் மகள் படித்துக் காட்டுவதற்குள் ஆர்ட்டிஸ்ட் பதினொரு எழுத்தையும் எழுதி முடித்துவிட்டாராம். பதினொன்றுக்குத்தான் கூலி என்று கறாராக நின்று வாங்கிக்கொண்டார். அப்புறம் குடோனிலிருந்தே ஒரு மூடி தின்னர் கேட்டு, அதில் துணியை நனைத்து முதல் இரண்டு எழுத்தையும் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குக் கூலி கேட்கவில்லையாம்.